பிள்ளைகளையும் எண்ணி அனுப்புங்கள்

வெளிநாட்டு இறையியல் கல்லூரிகளில் கற்பிப்பதற்குக் குடும்பங்களை அனுப்பிவைக்கும் தமிழ்ச் சபைகளின் மிஷனெரிக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்.



வாளையாரிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழையும்போது நீங்கள் கடந்துபோன ஊர்தான். ரயிலில் வந்திருந்தால், எட்டிமடைக்கு அப்பால் யானைகள் குறுக்கே வரும் காட்டுப் பகுதி ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம். முப்பது வருடத்துக்குமேல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் சபையிலும் சுற்றியுள்ள சபைகளிலும் அனுப்புதல் ஆராதனைகள் பலவற்றில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன், காணிக்கை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

அந்த ஆராதனைகளில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆயர் கையை வைத்து ஜெபிப்பது போகிற சகோதரர் தலைமேல். பக்கத்தில் மனைவி நிற்கிறார். முன்னால் புது உடுப்பு போட்ட இரண்டு பிள்ளைகள். அறிக்கையில் சகோதரரின் படிப்பு, பட்டம், அவர் கற்பிக்கப்போகும் பாடம், மாதந்தோறும் அனுப்பவேண்டிய தாங்குதல் தொகை எல்லாம் வாசிக்கப்படும். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், யாரோடு இருப்பார்கள், அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. இந்த மடலை எழுதவைத்தது அந்த விடுபாடுதான்.

ஊழியம் தேவையானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுக்க, சபை வரலாறு கற்பிக்க ஆள் தேடும் கல்லூரிகள் உலகில் இன்னும் நிறைய உண்டு. நம்மவர்கள் போய்க் கற்பித்த வரலாறும் உண்டு. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக 1954இல் பொறுப்பேற்ற ரசல் சந்திரன், ஓய்வுக்குப் பிறகு ஃபிஜித் தீவில் சுவா நகரத்து பசிபிக் இறையியல் கல்லூரிக்குப் போய்க் கற்பித்தார். மதுரை அரசரடியில் கற்பித்த தாமஸ் தங்கராஜ், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேண்ட்லர் இறையியல் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். பேர் தெரியாத குடும்பங்கள் ஆப்பிரிக்காவிலும் தீவுகளிலும் இன்றைக்கும் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இருநூறு வருடத்துக்குமேல் நாம் பெற்றுக்கொள்கிற இடத்தில் இருந்தோம். வந்தவர்கள் கொண்டுவந்தது நமக்குத் தெரியும். அகராதி தெரியும், அச்சுக்கூடம் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும். அவர்கள் விட்டுவிட்டு வந்தது என்ன என்று நாம் கேட்டதில்லை. இப்போது அனுப்புகிற இடத்துக்கு வந்துவிட்டோம். ஆகவே இனிக் கேட்டே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஹெர்மன் குண்டர்ட் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் 1814இல் பிறந்தவர். மலையாள அகராதிக்காகக் கேரளம் அவரைக் கொண்டாடுகிறது. மலையாளத்துக்கு முன்பே அவர் தமிழ் கற்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1836இல் சென்னையில் இறங்கி, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் தமிழில் பிரசங்கம் செய்தவர் அவர். 1838இல் ஜூலி துபுவா என்ற சுவிஸ் பெண்ணை மணந்தார். பிறகு பாசல் மிஷனில் சேர்ந்து மங்களூர் போய், அடுத்த வருடம் தலசேரி இல்லிக்குன்னில் குடியேறினார்கள். 1842இல் அங்கே அவர்களுக்கு மரி என்ற மகள் பிறந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் பெற்றோர் விடுப்பில் ஐரோப்பா போனார்கள். திரும்பி மலபாருக்குக் கப்பல் ஏறியபோது மரியையும் அவள் அண்ணன்மாரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி அவள் தாய் தகப்பனிடம் வந்து சேர்ந்தது 1857இல். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பதினொரு வருடம்! நாலு வயதில் தெரிந்த அம்மா முகம் பதினைந்து வயதில் எவ்வளவு ஞாபகம் இருந்திருக்கும்? நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் வருடக்கணக்கில் பார்த்தவள். இடையில் இருக்கும் அந்தப் பதினொரு வருடத்தில்தான் ஒரு பிள்ளை பிள்ளையாக இருக்கிறது.

குண்டர்ட் குடும்பம் கல்நெஞ்சுக் குடும்பம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். காய்ச்சலும் பேதியும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம். ஐரோப்பியப் படிப்புக்கு இங்கே வழியில்லை. சுற்றியிருந்த மக்களோடு பிள்ளை அதிகம் பழகிவிடும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாருக்காக வந்தார்களோ அவர்களுடைய பிள்ளைகளோடு தன் பிள்ளை விளையாடக் கூடாது என்றால், அது என்ன ஊழியம்?

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்துவந்ததைப் பாசல் மிஷன் 1853இல் சட்டமாகவே ஆக்கியது. பள்ளி வயது வந்த மிஷனெரிப் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களை வைத்து வளர்க்கப் பாசல் நகரில் ஓர் இல்லம் ஏற்பட்டது. பாலக்காட்டில் பாசல் மிஷன் நிலையம் அமைத்தது 1858இல். ஆக, எங்கள் மாவட்டத்துக்கு வந்த பாசல் மிஷனெரித் தம்பதிகள் பிள்ளைகளை அனுப்பியாக வேண்டும் என்ற விதியின்கீழ் வந்தவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுத்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

இறையியல் கல்லூரி இந்தக் கதைக்குள் வருவது அடுத்த தலைமுறையில். மங்களூர் பல்மட்டாவில் பாசல் மிஷன் 1847இல் ஓர் இறையியல் பள்ளி தொடங்கியது. இன்றைய கர்நாடக இறையியல் கல்லூரி அதன் வழிவந்தது. அங்கே கற்பிப்பதற்காக 1869இல் வந்தவர் யோஹான்னஸ் ஹெஸ்ஸே என்ற வாலிபர். இப்போது எஸ்தோனியா என்று சொல்லப்படும் நாட்டில் பிறந்தவர். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் 1873இல் திரும்பிப்போனார். கால்வ் என்ற சிற்றூரில், அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்த குண்டர்டுக்கு உதவியாளராக அமர்ந்து, 1874இல் மரியை மணந்தார். மரி அதற்குள் ஒருமுறை மணந்து, மிஷனெரி கணவரோடு சிந்து தேசம்வரை போய், 1870இல் விதவையாகி, இரண்டு மகன்களோடு தகப்பன் வீட்டில் இருந்தார்.

அவர்களுடைய மகன் 1877இல் பிறந்த ஹெர்மன் ஹெஸ்ஸே. நோபல் பரிசு பெற்ற அந்த எழுத்தாளரேதான். ஐந்தாறு வயதில் அடங்காத பிள்ளை. வெளியே ஏதாவது ஓர் இல்லத்தில் விட்டுவிடலாமா என்று தகப்பன் யோசித்துக் கடிதம் எழுதினார். 1884இல் பெற்றோர் பாசல் நகரிலேயே குடியிருக்கும்போது, அதே ஊரிலிருந்த மிஷன் ஆண்பிள்ளைகள் இல்லத்தில் அந்தப் பையனைச் சில மாதம் விட்டார்கள். வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நாலு வயதில் விடப்பட்ட மரி, தன் ஆறு வயது மகனை விடச் சம்மதிக்கிறாள். கடல் குறுக்கே இல்லை, மலேரியா இல்லை, கற்பிக்க வெளிநாட்டுக் கல்லூரி இல்லை. ஆனாலும் பிரச்சினை வந்தால் பிள்ளையை வெளியே விடுவதுதான் வழி என்று அந்தக் குடும்பத்துக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பையன் பதினான்கு வயதில் மவுல்பிரோன் இறையியல் பள்ளியில் சேர்க்கப்பட்டான். 1892 மார்ச்சில் அங்கிருந்து ஓடிப்போனான். ஓர் இரவு முழுக்கக் குளிரில் வெளியே கிடந்தவனை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதன் வாழ்க்கையை அப்படிச் சுருக்கக் கூடாது. ஆனால் திருலோக சீதாராம் தமிழில் தந்த அவருடைய ‘சித்தார்த்தன்’ நாவலை வாசித்தவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். தகப்பனை விட்டுப் போகும் மகனில் அந்தக் கதை தொடங்குகிறது. பின்பகுதியில் அதே மகன் தகப்பனாகி, தன்னை விட்டு ஓடிப்போன பிள்ளைக்காகத் தவித்து நிற்கிறான். 1911இல் ஹெஸ்ஸே கிழக்கே பயணம் வந்தார். இலங்கைவரை வந்தும், அம்மா பிறந்த மலபாரைப் பார்க்காமலே திரும்பினார்.

தமிழ் நிலத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி நமக்கு அள்ளித் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும் தொல்காப்பியப் பதிப்பாளருமான சி.வை. தாமோதரம் பிள்ளை அங்கே படித்தவர். அதன் தலைவராயிருந்த டேனியல் பூர் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தவர். ஐந்தே வருடத்தில் மனைவியை அங்கே அடக்கம் செய்தார். அதே அமெரிக்க மிஷனில் பிறகு வந்து சேர்ந்தவர்கள் மைரன் வின்ஸ்லோவும் ஹேரியட்டும். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதியை இன்றைக்கும் புரட்டுகிறோம். உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் ஹேரியட் தொடங்கினார்.

அவர்களுடைய மகன் சார்ல்ஸ் இலங்கையில் 1821இல் பிறந்தவன். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1832 மே மாதம் நியூயார்க்கில் இறந்துபோனான். பதினோரு வயது. எட்டு மாதத்துக்குள், 1833 ஜனவரியில், தாயும் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். சார்ல்ஸின் சிறு வாழ்க்கையை அமெரிக்காவில் பக்திப் புத்தகமாக அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அம்மாவின் வாழ்க்கையும் புத்தகமாக வந்தது. பல வருடம் கழித்து, அகராதியை முடித்த வின்ஸ்லோவும் ஊர் திரும்பும் வழியில் 1864இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். பிள்ளை ஒரு கண்டத்தில், தாய் ஒரு தீவில், தகப்பன் வேறொரு கண்டத்தில் அடக்கம்.

புத்தகம் போட்டது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு பிள்ளையின் மரணம் மற்றப் பிள்ளைகளைப் பக்தியாக வளர்க்கும் பாடமாக ஆனபோது, அவனை அவ்வளவு தூரம் அனுப்பியது சரியா என்ற கேள்வி கேட்கப்படாமலே போனது. தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் பிறகு கணக்குக் கேட்கமாட்டார்கள். நம் மிஷனெரி மாநாட்டு மேடைகளிலும் இதே வழக்கம் இருக்கிறது. விடுதியில் வளர்ந்த பிள்ளையைச் சாட்சி சொல்ல ஏற்றி, “அப்பா அம்மாவைப் பிரிந்தாலும் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை” என்று சொல்லவைத்து, நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காணிக்கைப் பையை அனுப்புகிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

பிற்காலத்தில் வந்த மிஷன்காரர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். குன்னூரில் 1899இல் ஹெப்ரோன் பள்ளி, கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷன் பிள்ளைகளின் பள்ளி. கப்பலில் வாரக்கணக்காகப் போன தூரம் இதனால் மலையேறும் தூரமாகக் குறைந்தது. கோடையில் தாய்மார் மேலே போய்ப் பிள்ளைகளோடு தங்கினார்கள், விடுமுறைக்குப் பிள்ளைகள் கீழே வந்தார்கள். அதுவும் பிரிவுதான், என்றாலும் முந்தியதற்கு இது எவ்வளவோ மேல். நம் நாட்டுக்குள் ஊழியம் செய்யும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தன் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயாவை நடத்துகிறது. பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்று அங்கே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று அனுப்பும் நம் சபைகளில் அந்த யோசனை நடப்பதில்லை. ஒரு குடும்பம்தானே, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் என் அக்காவும் அத்தானும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வேதாகமக் கல்லூரிக்குப் போனார்கள். அத்தான் பழைய ஏற்பாடு கற்பிக்க அழைக்கப்பட்டவர். கல்லூரி வளாகம் நகரத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. பக்கத்து நகரத்தில் நல்ல ஆங்கிலப் பள்ளி உண்டு, கட்டணம் டாலரில். அனுப்பிய கமிட்டி ஒதுக்கிய தொகை ஒரு பிள்ளைக்கே போதாது. பெரியவன் ஒன்பது வயதுப் பையன், சின்னவள் ஆறு வயதுப் பெண். இரண்டு பேரும் எங்களிடம் வாளையாருக்கு வந்தார்கள்.

அப்போதெல்லாம் வீட்டில் போன் கிடையாது. செக்போஸ்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் சொல்லிவைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு இருட்டும் நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். இங்கே ஏழு மணி என்றால் அங்கே நாலரை. வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஹாரன் சத்தத்தில் பாதி காதில் விழாது. பெரியவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மார்க்குகளை ஒப்பிப்பான். கணக்கில் இவ்வளவு, சயின்ஸில் இவ்வளவு. வேறெதுவும் சொல்லமாட்டான். சின்னவள் கையில் கொடுத்தால் பேசவேமாட்டாள். மூச்சு விடுவது மட்டும் கேட்குமாம் அக்காவுக்கு. கண்ணாடிக் கதவுக்கு மேலே ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வெளியிலிருந்து வந்த காலுக்கு அந்த எண்கள் ஓடாது என்று எத்தனை தரம் சொன்னாலும், ஓடினால் காசு தீர்ந்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

மூன்று வருடம் கழித்து விடுப்பில் வந்தார்கள். வந்த வாரத்திலேயே அத்தானுக்கும் பையனுக்கும் ஏதோ சின்ன விஷயத்தில் தகராறு. அவன் கோபத்தில் கத்தினான். மலையாளத்தில் கத்தினான். பள்ளி மைதானத்தில் அவன் சண்டை போடும் மொழி அது. அத்தான் திருநெல்வேலிக்காரர், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். மகன் என்ன சொல்கிறான் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. “நீங்க யாரு என்னைக் கேக்க?” என்றுதான் அவன் கேட்டிருந்தான். நான் அதைச் சொல்லவில்லை.

அவன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறான். அப்பாவின் மருந்துச் செலவு முழுக்க அவன்தான் பார்க்கிறான். மரியாதை இருக்கிறது, பேச்சு இல்லை. சின்னவள் கல்லூரியில் சேரும்போது, அவள் படித்தது கேரளம், பெற்றோர் தமிழ்நாடு, அவர்களோ ஆப்பிரிக்காவில். எந்த மாநிலத்துப் பிள்ளை என்று நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க இரண்டு பக்கத்துத் தாலுகா ஆபீசுக்கும் நானும் என் கணவரும் அலைந்தோம். அனுப்பிய கமிட்டியில் ஒருவர்கூட அதை விசாரிக்கவில்லை.

அத்தானிடம் படித்தவர்கள் இன்று அந்த நாட்டுச் சபைகளில் போதகர்கள். அவர் நடத்திய பாடத்தின் பலனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பலனுக்குப் பாதி விலை கொடுத்தவர்கள் வாளையார் பூத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள். அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை.

இந்தப் பேச்சு வந்தால் உடனே அன்னாளைச் சொல்வார்கள். சாமுவேலைச் சின்னப் பிள்ளையாகவே ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாளே என்பார்கள். அந்த அதிகாரங்களை மறுபடி வாசியுங்கள். பொருத்தனை பண்ணியது அவள். எந்தக் கமிட்டியும் அவளுக்காகத் தீர்மானிக்கவில்லை. கணவன் எல்க்கானா, அவள் மனசுக்குப் பட்டபடி செய்யட்டும் என்று விட்டான். பால் மறக்கும்வரை பிள்ளையைத் தன்னிடமே வைத்திருந்தாள். கொண்டுபோய் விட்ட பிறகும் வருடாவருடம் பலியிட வரும்போது ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பிள்ளை வளர வளர அளவு மாறும், அந்த அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. நம் மிஷனெரித் தாய்மாரில் எத்தனை பேருக்குத் தங்கள் பிள்ளையின் செருப்பு அளவு தெரியும்? அன்னாளைச் சொல்கிறவர்கள் வருடாந்திரப் பயணச்செலவையும் சேர்த்து ஒதுக்கட்டும்.

மனைவிமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா எம்.ஏ., பி.எட். போன இடத்தில் மாணவர்களின் மனைவிமாருக்கு ஆங்கிலமும் தையலும் சொல்லிக்கொடுத்தாள், நூலகத்தைப் பட்டியல் போட்டு அடுக்கினாள், விடுதிச் சமையலை மேற்பார்த்தாள். சம்பளம் கிடையாது. நியமனக் கடிதம் கிடையாது. கமிட்டி அறிக்கையில் அவள் பேர் வந்ததே இல்லை. ‘சகோதரரும் குடும்பத்தாரும்’ என்று போடுவார்கள். பிள்ளைகளும் இல்லாமல், சொந்தமாக ஒரு பதவியும் இல்லாமல் அந்த வளாகத்தில் அவள் இருந்த வருடங்களைப் பற்றி அவள் இன்றுவரை அதிகம் பேசுவதில்லை.

பழைய காலம் இதில் நம்மைவிட ஒன்றும் மோசமில்லை என்பதுதான் வெட்கம். கோட்டயத்துப் பழைய செமினாரியில் சர்ச் மிஷன் சங்கத்தார் கற்பித்துவந்த காலத்தில் அங்கே வந்தவர் ஹென்றி பேக்கர். அவருடைய மனைவி அமேலியா, தஞ்சாவூர் கோலாஃப் குடும்பத்துப் பெண். தாத்தா 1737இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், தகப்பன் தரங்கம்பாடியிலேயே பிறந்து ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தமிழ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாள் கோட்டயத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, கணவர் காலத்துக்குப் பிறகும் நடத்தினார். அந்தப் பள்ளிக்கு இன்றும் பேக்கர் என்றுதான் பேர். அவர்கள் மகன் இளைய ஹென்றி பேக்கர் முண்டக்கயம், மேலுக்காவு மலைப்பக்கம் மலையரையர் மத்தியில் ஊழியம் செய்தார். இடுக்கி மலையடிவாரச் சபைகள் பலவற்றுக்கு வேர் அங்கே. தாய்க்குத் தன் பெயரில் ஒரு வேலை இருந்த குடும்பம் அது. ஜூலி குண்டர்டும் இல்லிக்குன்னில் பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியைத் தன் பொறுப்பில் நடத்தியவர். இவர்களுக்கு இருந்த இடத்தை நாம் நம் அக்கா தங்கைகளுக்கு மறுக்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு குடும்பத்தை அழைப்பதற்கு முன் அந்த அம்மாவைத் தனியாக, கணவர் பக்கத்தில் இல்லாமல், கமிட்டியிலுள்ள பெண்கள் சந்தித்துப் பேசட்டும். கமிட்டியில் பெண்கள் இல்லையென்றால் முதலில் சேருங்கள். அந்த அம்மா அங்கே என்ன வேலை செய்யப்போகிறார் என்பதை எழுதி, நியமனக் கடிதமும் சம்பளமும் கொடுங்கள். வேலை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னால் அதையும் மதியுங்கள்.

பட்ஜெட்டில் பிள்ளைகளின் படிப்புச் செலவு முதல் வரியாக வரட்டும். போகிற ஊரில் பள்ளி எது, கட்டணம் எவ்வளவு என்று போவதற்கு முன்பே விசாரித்து, அவ்வளவையும் ஒதுக்க முடியாவிட்டால் அந்தக் குடும்பத்தை இப்போது அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்தவர்கள், ரசல் சந்திரன் போல ஓய்வுக்குப் பிறகு போகக்கூடியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கு மட்டும் போய்க் கற்பித்துவிட்டு வரவும் இன்று வழி உண்டு. ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக ஆறு வயதுப் பிள்ளையின் தாயைப் பிரித்து அனுப்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

பிள்ளைகளை இங்கே விட்டுத்தான் ஆகவேண்டும் என்று குடும்பமே தீர்மானித்தால், வருடம் ஒருமுறை அவர்கள் சந்திக்கும் செலவு சபையுடையது. அந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி வீட்டுக்கு யாராவது போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை. திரும்பி வரும்போது அவர்களுக்குப் பி.எஃப். இருக்கிறதா, தங்க வீடு இருக்கிறதா என்பதையும் போகும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயதில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கி, வாடகை வீடு தேடுகிற ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அடுத்த கூட்டத்தில் ஒரு குடும்பத்தை அனுப்புவதாகத் தீர்மானம் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவையுங்கள். அவர்களுக்குப் புரிகிற பேச்சில் எல்லாவற்றையும் சொல்லி, போக விருப்பமா, இருக்க விருப்பமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் அப்படியே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
வாளையார்.